பெரியம்மாவின் நெற்றி: உருவப்பட ஓவியம் என்றால் என்ன, இன்று ஒன்றை எப்படி வாங்குவது?

எங்கள் பெரியம்மாவின் முகம், தபால் முத்திரையைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் மிஞ்சியிருந்தது. அவருடைய வீடு மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் வந்து போன பிறகு அந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. கல்யாண ஆல்பமும் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களும் போய்விட்டன. தேசிய அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்த பிரதிகளில் ஒன்று அம்மாவின் கைப்பைக்குள் கிடந்தது. அது ஒன்றுதான் மீதி.

முதலில் அதைப் பெருப்பித்துச் சட்டம் போட்டோம். முகம் சாம்பல் நிறப் புள்ளிகளாகக் கலைந்துபோனது. அம்மா அதைச் சுவரில் மாட்ட விடவில்லை. "இது அக்கா இல்லை" என்றார். பிறகு யாரோ சொல்லி, ஆரையம்பதியில் இருந்த ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவரிடம் போனோம். அவர் படத்தைக் கையில் வாங்கியதும் பென்சிலை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். மூக்குத்தி எந்தப் பக்கம்? வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவார்? வாசலில் நின்று ஆளைக் கூப்பிடும்போது தலையைச் சாய்ப்பாரா, நிமிர்த்துவாரா? பிறகு அம்மாவை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, "இந்தத் தாடை அவருக்கும் இருந்ததா?" என்று கேட்டார். "தாடை என்னுடையதுதான் சேர், நெற்றி எங்கள் அண்ணனுடையது" என்றார் அம்மா. அடுத்த சனிக்கிழமை அவர் மாமாவின் நெற்றியைப் பார்ப்பதற்காகவே பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடிக்குப் போனார்.

உருவப்பட ஓவியம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பஸ் பயணத்தைத்தான்.

விளக்கமாகச் சொன்னால், குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றிய ஓவியமே உருவப்படம். வாவியில் வலை வீசும் ஒருவரை வரைந்தால் அது காட்சி ஓவியம். அவர் யாராக இருந்தாலும் படத்துக்குக் குறையில்லை. நாவற்குடாவில் இருக்கிற, உங்களுக்குத் தெரிந்த இன்ன அண்ணன் வலை வீசுகிறார் என்று அவரை அறிந்தவர்கள் கண்டுகொள்ளும்படி வரைந்தால் அது உருவப்படம். வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்க முடியாது. தமிழில் இதற்கு அழகான ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. அந்தக் காலத்தில் ஓவியத்தை 'எழுதினார்கள்'. வரைவதற்கும் எழுதுவதற்கும் ஒரே வினைதான். கண்ணுக்கு மை எழுதுவது என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எழுத்து. எழுத்தை வாசிப்பதைப் போல ஒரு முகத்தையும் வாசித்துத்தான் எழுத வேண்டும்.

இறந்தவர்களின் முகத்தைக் காப்பாற்றி வைக்கும் ஆசையில் இருந்தே இந்தக் கலையின் மிக உருக்கமான பழைய சான்றுகள் கிடைக்கின்றன. எகிப்தை உரோமர்கள் ஆண்ட காலத்தில், கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரையில், பாயூம் என்ற பகுதியிலும் அதைச் சுற்றியும் இறந்தவரின் முகத்தை மெல்லிய மரப்பலகையில் வரைந்து, பதப்படுத்திய உடலின் முகத்துக்கு மேலே துணியோடு சேர்த்துக் கட்டினார்கள். தேன்மெழுகை உருக்கி அதில் வர்ணத்தைக் குழைத்துப் பூசிய படங்கள் அவற்றில் பல. ஏறத்தாழ 900 படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பெரிய கண்கள், மாநிறத் தோல், காதில் முத்து. அவற்றைப் பார்க்கும்போது நம் ஊர்க் கோயில் திருவிழாவில் எதிரே வந்த ஒருத்தி போலவே தோன்றும். அந்தப் பாலைவனத்தின் காய்ந்த மணல்தான் அவற்றை இத்தனை நூற்றாண்டு காத்தது. நம் ஈரக்காற்றுக்கு ஒரு மாரி கூடத் தாங்கியிருக்காது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நம் மரபில் முகத்தை அப்படியே பிடிப்பதை விட, அந்த மனிதர் எப்படி நிற்க வேண்டும் என்பதுதான் முதன்மை. திருப்பதி திருமலையில் கிருஷ்ணதேவராயர் தம் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகளில் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. யார் என்று சொல்லும் வேலையைப் பெயர் பார்த்துக்கொள்கிறது. பக்தன் என்று சொல்லும் வேலையைக் கூப்பிய கை பார்த்துக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவர்ச் சோழர் ஓவியத்தில் ராஜராஜனும் கருவூர்த்தேவரும் என்று பொதுவாக அடையாளம் காணப்படும் இருவரும் அப்படித்தான், பணிவின் உருவமாக நிற்கிறார்கள். இது குறையல்ல. நம் வீடுகளில் தாத்தாவின் படம் சிரிக்காமல், நிமிர்ந்து, சால்வையோடு இருக்க வேண்டும் என்று நாம் விரும்புவது இந்த மரபின் நீட்சிதான்.

முகலாயர் அரண்மனையில் நிலைமை மாறியது. அக்பர் தம் அவையில் இருந்தவர்களின் முகங்களை வரைவித்துத் தொகுத்து வைத்தார். அவருடைய மகன் ஜஹாங்கீர் அதிலும் ஒரு படி மேலே போனார். ஒரே படத்தில் பல முகங்களைப் பல ஓவியர்கள் வரைந்திருந்தாலும் எந்த முகம் யார் கை என்று தம்மால் சொல்ல முடியும் என்று தம் நினைவுக்குறிப்பில் பெருமையோடு எழுதினார். 1613இல் பாரசீகத்துக்குத் தூதுக்குழு போனபோது, ஷா அப்பாஸின் முகத்தைப் பார்த்து வரைந்து கொண்டுவர பிஷன்தாஸ் என்ற ஓவியரையும் கூடவே அனுப்பினார். ஒரு மன்னனை அறிய இன்னொரு மன்னன் ஓவியனை அனுப்புகிறான்!

ஐரோப்பாவில் கல்யாணப் பேச்சே ஓவியர் கையில் இருந்தது. நம் ஊரில் தரகர் புகைப்படத்தோடு வருவதைப் போல அங்கே ஓவியத்தோடு வந்தார்கள். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1539இல் ஹான்ஸ் ஹோல்பைன் என்ற ஓவியரை ஜெர்மனிக்கு அனுப்பி, கிளீவ்ஸ் நாட்டு ஆன் என்ற பெண்ணை வரைந்துவரச் சொன்னார். படத்தில் அவர் அமைதியாக, இரு கைகளையும் கோத்து, நேரே நம்மைப் பார்க்கிறார். 1540 ஜனவரியில் திருமணம். நேரில் கண்ட மன்னருக்கு மணப்பெண்ணைப் பிடிக்கவில்லை. ஜூலையில் அந்தத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஓவியம் இன்றும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னே நிற்பவர்கள் எல்லாரும் மன்னர் தேடிய குறையைத் தாங்களும் தேடுகிறார்கள். எனக்கோ அந்தப் பெண்ணின் பொறுமை மட்டும்தான் தெரிகிறது.

எந்தப் பக்கமாக முகத்தைக் காட்டுவது என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. இத்தாலியில் முதலில் பக்கமுகமாகத்தான் வரைந்தார்கள். பழைய உரோம நாணயங்களில் இருந்து வந்த பழக்கம். பியேரோ டெல்லா பிரான்செஸ்கா வரைந்த உர்பினோ கோமகனின் படத்தில் இடப்பக்கம் மட்டும் தெரியும், ஏனெனில் வலக்கண்ணை அவர் ஒரு போட்டிச் சண்டையில் இழந்திருந்தார். வடக்கே யான் வான் ஐக் 1433இல் வரைந்த செந்தலைப்பாகை மனிதர் முகத்தைச் சற்றே திருப்பி, கண்ணை மட்டும் நம்மேல் வைத்திருக்கிறார். இதை முக்கால் முகம் என்போம். இரண்டு கண்ணும் தெரியும், மூக்கின் எடுப்பும் தெரியும், ஆள் இப்போதுதான் திரும்பினார் என்ற உயிர்ப்பும் இருக்கும். இன்று ஸ்டூடியோக்காரர் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்று சொல்வது அந்தக் கண்டுபிடிப்பைத்தான். வான் ஐக் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய் வர்ணம் மெதுவாகக் காயும். மெல்லிய பூச்சு, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கியதால் தோல் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். தைலவண்ண உருவப்படத்துக்கு இன்றும் விலை கூடியிருப்பதற்கு இந்த அடுக்குகளும் அவை காயக் காத்திருக்கும் நாட்களுமே காரணம்.

லியொனார்டோ டாவின்சியின் மோனா லிசாவும் ஒரு சாதாரண ஓர்டர்தான். புளோரன்ஸ் நகரத்துப் பட்டு வியாபாரி ஒருவர் தம் மனைவிக்காக 1503 அளவில் கேட்ட படம். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். நம் வீட்டு ஜன்னல் கதவு ஒன்றின் அளவு. அது அந்த வியாபாரியின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. ஓவியர் திருத்தித் திருத்தித் தம்மோடே வைத்துக்கொண்டு பிரான்ஸ் வரைக்கும் போய்விட்டார்.

1839இல் பிரான்சில் டகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, சிறிய முகப்படங்கள் வரைந்து பிழைத்தவர்களின் தொழில் சரிந்தது. பெரிய ஓவியர்களோ விடுதலை அடைந்தார்கள். ஒத்திருப்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், நாங்கள் உள்ளே இருப்பதைப் பார்க்கிறோம் என்று கிளம்பினார்கள். அதன் வலியும் உண்டு. 1954இல் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலின் 80ஆவது பிறந்தநாளுக்கு நாடாளுமன்றம் பரிசளித்த படத்தில் கிரஹாம் சதர்லாந்து களைத்த ஒரு முதியவரை வரைந்தார். சேர்ச்சிலுக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய மனைவியின் விருப்பப்படி அந்தப் படம் பின்னர் எரிக்கப்பட்டது. படம் வரையக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உண்மையாக வேண்டுமா, அழகாக வேண்டுமா என்பதை ஓவியரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

நம் பக்கத்தில் ராஜா ரவி வர்மா (1848–1906) தைலவண்ணத்தை அரண்மனை முகங்களுக்கும் புராண முகங்களுக்கும் ஒருசேரக் கொண்டுவந்தார். 1894இல் தொடங்கிய அவருடைய அச்சகத்தின் படங்கள் வழியே, உருவப்படம்போல் வரையப்பட்ட லட்சுமியும் சரஸ்வதியும் பூசை அறைகளுக்குள் வந்து சேர்ந்தார்கள். இலங்கையில் முதலியார் அமரசேகர (1883–1983) நேர்த்தியான ஐரோப்பியப் பாணி முகங்களுக்குப் பெயர் பெற்றவர். 1943இல் உருவான '43 குழு' என்ற ஓவியர் கூட்டம் அந்தப் பாணியை உடைத்தது; அதிலேயே ஹரி பீரிஸ் முகங்களை விடாமல் வரைந்தார். கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் அவருடைய வீட்டில் இயங்கும் சபுமல் மன்றத்துக்குப் போனால் அந்தக் காலத்து ஓவியங்களை அருகில் நின்று பார்க்கலாம்.

இனி மட்டக்களப்புக்கு வருகிறேன். இங்கே உருவப்படம் இல்லாத பாடசாலை இல்லை. காரைதீவில் பிறந்து கல்லடியில் அடக்கமான சுவாமி விபுலாநந்தரின் (1892–1947) திருவுருவப்படத்துக்கு மாலை போடாத மாணவர் நம்மில் குறைவு. ஒருமுறை வெவ்வேறு பாடசாலைகளில் இருக்கும் அவருடைய படங்களை நினைவில் அடுக்கிப் பாருங்கள். ஒன்றில் கண் கனிந்திருக்கும், இன்னொன்றில் கண்டிப்பாக இருக்கும், வேறொன்றில் தோல் ரோஜா நிறத்தில் இருக்கும். ஆள் ஒருவர்தான், பார்த்த கண்கள் வேறு. காத்தான்குடி, ஏறாவூர் பக்கம் பல வீடுகளில் மார்க்க நம்பிக்கையின்படி முகப்படம் மாட்டமாட்டார்கள். வரவேற்பறையில் அழகிய எழுத்தோவியம் இருக்கும். உருவப்படத்தைப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் இதை அறிந்து நடப்பது மரியாதை.

வாங்குவது எப்படி?

ஓவியரைத் தேடுவது இங்கே கடினமில்லை. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை படித்து வெளியே வரும் இளையவர்கள் இருக்கிறார்கள். பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கோயில் சுவர்களுக்கும் பெயர்ப்பலகைகளுக்கும் வர்ணம் தீட்டுபவர்களில் சிலர் முகம் பிடிப்பதில் மன்னர்கள். கொழும்பில் ஆண்டுதோறும் திறந்தவெளியில் நடக்கும் கலா பொல சந்தைக்குப் போனால், நாடெங்கிலும் இருந்து வரும் ஓவியர்களின் வேலையை ஒரே நாளில் பார்க்கலாம்.

ஒருவரைத் தெரிவுசெய்யும்போது அவர் வரைந்த பிரபலங்களின் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நடிகரின் முகத்தை நம் மனமே பாதி நிரப்பிக்கொள்ளும். அவருடைய தாயை, அயலவரை வரைந்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் அந்த ஆளையும் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். முகம் ஒத்திருப்பது கண், மூக்கு, வாய் என்ற உறுப்புகளில் இல்லை, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் இருக்கிறது. புருவத்துக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், மூக்கின் அடியில் இருந்து மேலுதடு வரை எவ்வளவு நீளம் என்பவையே ஒருவரை அவராக்குகின்றன. இன்னொரு எளிய சோதனை: கண்கள் தலையின் உச்சிக்கும் நாடிக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்க வேண்டும். பழகாத கை கண்ணை மேலே ஏற்றிவிடும், நெற்றி சுருங்கிவிடும்.

தோல் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "சற்று வெளுப்பாகப் போடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெரியம்மாவின் படத்துக்கும் உறவினர் ஒருவர் அப்படித்தான் கேட்டார். ஆசிரியர் பதில் சொல்லாமல் தட்டில் வர்ணம் குழைத்துக் காட்டினார். கறுப்பைத் தொடவேயில்லை. செங்காவியில் கொஞ்சம் கடுநீலம், ஓரத்தில் துளி மஞ்சள். நீலம் கூடிய பக்கம் கன்னத்தின் நிழலாயிற்று. காவி கூடிய பக்கம் வெயில் பட்ட நெற்றியாயிற்று. கரிய தோல் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும், அங்கேதான் தமக்கு வேலை இனிக்கும் என்றார். வெளுப்பாக்கிய படத்தில் முதலில் தொலைவது ஆள்தான். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதானால் நல்ல புகைப்படம் கொடுங்கள். கைபேசியை முகத்துக்குக் கிட்டே பிடித்து எடுத்தால் மூக்கு பெருக்கும், காது பின்னால் ஒடுங்கும். கமராவுக்கு மூக்கு மற்ற எல்லாவற்றையும்விட அருகில் இருப்பதே காரணம். ஐந்தாறு அடி தள்ளி நின்று, பெரிதாக்கி எடுங்கள். பிளாஷ் வேண்டாம். காலை வேளையில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்காரவைத்தால் போதும். ஒரு கன்னத்தில் ஒளியும் மறு கன்னத்தில் நிழலும் விழும், ஓவியருக்கு முகத்தின் மேடு பள்ளம் புரியும். ஆள் உயிரோடு இருக்கிறார், உட்கார முடியும் என்றால், அரை மணி நேரமாவது ஓவியர் முன் உட்காரவையுங்கள். அம்மம்மா, அப்பப்பா இருக்கும்போதே வரைந்துவைக்கலாம். அந்தியேட்டி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விலையைத் தீர்மானிப்பது அளவும் வர்ணமும் தலைகளின் எண்ணிக்கையும்தான். பென்சிலிலும் கரியிலும் மார்பளவுப் படம் குறைந்த செலவில் முடியும், நீர்வர்ணமும் அக்ரிலிக்கும் இடையில், தைலவண்ணம் உச்சத்தில். கைகளும் தெரிய வேண்டும் என்றால் விலை ஏறும், அது நியாயம். கை வரைவது இன்னொரு முகம் வரைவதற்குச் சமம். முற்பணம், முடியும் திகதி, எத்தனை திருத்தம், சட்டம் யார் செலவு, நினைவு மலரில் அச்சிடலாமா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உறவுக்காரர் வரைந்தாலும் எழுதுங்கள்.

எங்கள் அயல்வீட்டில் இணையத்தில் பார்த்து 'கையால் வரைந்த ஓவியம்' என்று பணம் அனுப்பி ஒன்றை வரவழைத்தார்கள். வந்தது, புகைப்படத்தைக் கான்வஸில் அச்சடித்து, மேலே நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்த ஒன்று. தூரிகைத் தடம் ஒரு பக்கம் போகிறது, புருவத்தின் மயிர் இன்னொரு பக்கம் போகிறது. அதை வைத்தே பிடித்துவிடலாம். படத்தைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்: உண்மையான வர்ணத்தில் வெளிச்சம் பட்ட இடம் தடித்தும் நிழல் மெலிந்தும் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சீரான நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. இப்போது கணினியே ஓவியம்போலச் செய்து தருகிறது. அச்சுப் படம் வாங்குவது பிழையில்லை, அச்சின் விலைக்கு வாங்கினால். வரைந்து கொண்டிருக்கும் கட்டங்களின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நம் காலநிலையோடு போராட்டம். கார்த்திகை தொடங்கி மாரி முடியும்வரை வெளிச்சுவர்கள் ஈரம் குடிக்கும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று வேறு. உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு சிறிய தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும், பூஞ்சணம் பிடிக்காது. காகிதத்தில் வரைந்த படத்துக்குக் கண்ணாடி அவசியம், ஆனால் காகிதம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவே மட்டை வெட்டி வைக்கச் சொல்லுங்கள். நேர்வெயில் நீர்வர்ணத்தை வெளிறச் செய்யும். தைலவண்ணப் படத்துக்குக் காப்புப் பூச்சான வார்னிஷை உடனே அடிக்கக் கூடாது; வர்ணம் உள்வரை காய்வதற்குப் பூச்சின் தடிப்பைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

படத்துக்குக் கீழே விளக்கு வைப்பது நம் வழக்கம். எண்ணெய் விளக்கின் கரியும் சாம்பிராணிப் புகையும் கான்வஸில் படிந்தால் எடுப்பது கடினம். விளக்கை ஒரு முழமாவது முன்னே தள்ளி வையுங்கள். ஈரமான பூமாலையும் அப்படித்தான். பெரியம்மாவின் படம் தைலவண்ணம், கண்ணாடி இல்லை. முதல் திவசத்தன்று அம்மா வழக்கம்போலச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நெற்றியில் வைக்கப் போனார். வந்திருந்த ஆசிரியர் எழுந்து ஓடிவந்து கையைப் பிடிக்காத குறையாக, "அக்கா, நெற்றி உங்கள் அண்ணனைப் பார்த்து வரைந்தது, அதில் வைக்காதீர்கள், மரத்தில் வையுங்கள்" என்றார். அன்று முதல் சந்தனப் பொட்டு சட்டத்தின் மேல்விளிம்பில்தான். மாலைக்குச் சுவரில் தனி ஆணி.